ஐந்தடிச் செடித் தொட்டி, அடியில் சம்ப்: சென்னை வீட்டுக்கான முழுமையான வழிகாட்டி

நன்னீர்ச் செடித் தொட்டி வளர்ப்பவர்களிடம் சம்ப், அதாவது மீன் தொட்டியிலிருந்து வழியும் தண்ணீரை அடியில் வாங்கி வடிகட்டிப் பம்பால் திருப்பி அனுப்பும் துணைத் தொட்டி, என்ற பேச்சை எடுத்தால், அது கடல்மீன் தொட்டிக்குத்தான் சரிப்படும், செடித் தொட்டியில் வைத்தால் செடிகளுக்காகக் காசு கொடுத்து விடுகிற கரியமில வாயுவெல்லாம் காற்றோடு போய்விடும் என்று பெரும்பாலும் சொல்வார்கள். இதில் பாதி உண்மை. தண்ணீர் உயரத்திலிருந்து சளசளவென்று விழும் இடத்தில் வாயு வெளியேறத்தான் செய்யும். ஆனால் அதே தண்ணீர் எங்கும் விழாமல், குழாய் நிறைய, சத்தமின்றி இறங்கிச் செல்லும்படி அமைத்துவிட்டால் இழப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. அதற்குப் பதிலாகக் கிடைப்பவை பெரியவை: மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் தேங்காது, கருவிகள் எதுவும் கண்ணில் படாது, தொட்டியின் நீர்மட்டம் எப்போதும் ஒரே அளவில் நிற்கும், கோடையில் குளிரூட்டுவதற்கு ஓர் இடம் கிடைக்கும். தொட்டி பெரிதாகும்போது கேனிஸ்டர் என்னும் மூடிய வெளி ஃபில்டர்களை இரண்டு மூன்றாக அடுக்குவதைவிடச் சம்பே மேல் என்பது என் உறுதியான கருத்து.

சம்ப் வைத்த தொட்டியில் பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்று விடக்கூடிய உயரம் ஒன்றுகூட இல்லை. கண்ணாடி அறுக்கக் கொடுப்பதற்கு முன்பே எல்லா மட்டங்களும் தாளில் இருக்க வேண்டும். எனவே இந்த வழிகாட்டி 150×60×60 செ.மீ. அளவுள்ள, அதாவது ஐந்துக்கு இரண்டுக்கு இரண்டு அடித் தொட்டி ஒன்றையும், அதன் அடியில் 90×45×45 செ.மீ. சம்ப் ஒன்றையும் எடுத்துக்கொண்டு கணக்குடனேயே செல்கிறது. உங்கள் அளவு வேறாக இருந்தால் கணக்கிடும் முறையை எடுத்துக்கொண்டு எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

எடையும் இடமும்

தொட்டியின் கொள்ளளவு 540 லிட்டர். 12 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோ எடையுள்ளது என்பதால் தொட்டி மட்டுமே நூறு கிலோவைத் தாண்டும். மண்ணும் கல்லும் நூற்றிருபது கிலோ, சம்ப் அதன் தண்ணீருடன் நூற்று முப்பது, இரும்புத் தாங்கி எண்பது என்று கூட்டினால் ஏறக்குறைய ஒரு டன் வருகிறது. இவ்வளவு எடையும் ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான தரையில் நிற்கப் போகிறது. வீடுகளின் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 வகுத்திருக்கும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். அந்த எண் அறை முழுவதற்குமான சராசரி என்பதால் தொட்டி வைத்த மறுநாளே தளம் விரிசல் விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனாலும் மாடி வீடாக இருந்தால் அறையின் நடுவே வைப்பது கூடாது. தூணை ஒட்டி, உத்தரத்தின் மேல், சுவரோரமாக வைக்க வேண்டும். உத்தரம் எங்கே ஓடுகிறது என்பது தெரியாவிட்டால் கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டிவிடுங்கள். தரைத்தளமாக இருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

தாங்கிக்கு இரண்டு அங்குலச் சதுர இரும்புக் குழாய் போதும். அதன் மேல் 19 மி.மீ. மரைன் பிளைவுட், அதன் மேல் தெர்மோகோல் அல்லது அடர்ந்த ஃபோம் விரிப்பு, அதன் மேல் தொட்டி. சம்பை முன்பக்கமாகவோ பக்கவாட்டிலோ வெளியே இழுக்கும்படி ஒரு பக்கத்திலாவது குறுக்குக் கம்பி இல்லாமல் பற்றவைக்கச் சொல்ல வேண்டும். தொட்டியைத் தூக்கினால்தான் சம்பை எடுக்க முடியும் என்ற நிலை வந்தால் பிறகு எந்தப் பழுதும் பார்க்க இயலாது. சம்பின் மேல் விளிம்புக்கும் பிளைவுட்டுக்கும் இடையே கை தாராளமாக உள்ளே போகும் அளவுக்கு இடைவெளி தேவை. வாரம் இருமுறை அங்கே கைவைக்கப் போகிறீர்கள். ரசமட்டம் வைத்து நான்கு மூலைகளையும் பார்த்த பிறகே தொட்டியை ஏற்றுங்கள்.

கண்ணாடி, துளை, ஓவர்ஃப்ளோ பெட்டி

மேல் விளிம்பில் பட்டை ஒட்டிய தொட்டிக்கு 12 மி.மீ. கண்ணாடி போதும், பட்டை இல்லாமல் திறந்த விளிம்பாக வேண்டுமென்றால் 15 மி.மீ.க்குப் போங்கள். துளையிடும் கண்ணாடி டஃப்பன்டு கண்ணாடியாக, அதாவது சூடேற்றிக் கடினமாக்கியதாக, இருக்கக் கூடாது, ஏனெனில் துளைக்கருவி பட்டவுடன் அது முழுவதுமாக நொறுங்கிவிடும். ஆயத்தத் தொட்டிகளில் அடிக் கண்ணாடி மட்டும் டஃப்பன்டாக இருப்பதுண்டு என்பதால் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். துளையின் விளிம்புக்கும் கண்ணாடியின் ஓரத்துக்கும் இடையே குறைந்தது ஒரு துளையின் விட்டமளவு இடம் விட வேண்டும்.

அடியில் துளையிடுவதைவிடப் பின் கண்ணாடியின் மேற்பகுதியில் துளையிடுவதையே நான் பரிந்துரைப்பேன். அடியில் இட்ட துளையின் வாஷர் என்றைக்காவது கசிந்தால் தொட்டியின் தண்ணீர் முழுவதும் வெளியேறும். பின்பக்க மேல்துளை கசிந்தால் அந்த மட்டம் வரைதான் போகும். தொட்டியின் உள்ளே, மேல்மட்டத் தண்ணீர் சீப்புப் பற்கள் வழியே வழிந்து சேரும் மெல்லிய ஓவர்ஃப்ளோ பெட்டி, பின்புறம் குழாய்கள் இறங்கும் பெட்டி என்று அமைத்தால் சுவரிலிருந்து பதினைந்து இருபது செ.மீ. தள்ளி நிற்க வேண்டியிருக்கும். அந்த இடத்தை விட்டுக்கொடுப்பது நல்லது. கண்ணாடியில் குழாயை இணைக்க, மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பிளம்பர்கள் போடும் அதே டேங்க் நிப்பிள்தான். ரப்பர் வாஷர் தொட்டியின் உட்புறத்தில் வர வேண்டும். கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்றுக்கு மேல் ஸ்பேனர் போடக் கூடாது.

கீழே இறங்கும் குழாய் மூன்று இருக்க வேண்டும். முதல் குழாய் முழுவதும் நிறைந்து, காற்றே இல்லாமல், சிபான் முறையில் பெரும்பகுதித் தண்ணீரைக் கொண்டுசெல்லும். இதன் அடிப்பகுதியில் சம்புக்குச் சற்று மேலே ஒரு கேட் வால்வு. இரண்டாவது குழாயின் வாய் சற்று உயரமாக இருந்து, முதல் குழாய் விட்டுவைக்கும் சிறு கசிவை மட்டும் எடுத்துக்கொள்ளும். மூன்றாவது குழாய் எப்போதும் காய்ந்தே இருக்கும். மற்ற இரண்டும் அடைத்துக்கொண்டால் மட்டுமே அதில் தண்ணீர் இறங்கும். பீன் அனிமல் முறை என்று உலகெங்கும் வழங்கும் இந்த அமைப்பைவிட அமைதியானதும் பாதுகாப்பானதுமான ஒன்றை நான் அறியேன். இரண்டு குழாய் மட்டும் கொண்ட ஹெர்பி முறையும் வேலை செய்யும். ஆனால் இந்த அளவுத் தொட்டிக்கு ஒரு குழாய்ச் செலவை மிச்சம் பிடிப்பதில் பொருளில்லை. இறங்கும் குழாய்களுக்கு ஒன்றேகால் அங்குலம், ஏறும் குழாய்க்கு ஓர் அங்குலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்; எல்லாக் குழாயிலும் கழற்றி மாட்டும் யூனியன் ஒன்று இருக்கட்டும்.

செடித் தொட்டிக்கு வால்வைத் திருகும் முறையில் ஒரு தனிக் கவனம் வேண்டும். கேட் வால்வை மெல்ல மெல்ல மூடும்போது ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் தண்ணீர் ஏறிவரும். தொட்டியின் மட்டத்துக்கும் பெட்டியின் உள்மட்டத்துக்கும் இடையே இரண்டு மூன்று செ.மீ. வித்தியாசம் மட்டும் இருக்கும்படி நிறுத்திவிட்டால், சீப்புப் பற்களைத் தாண்டும் தண்ணீர் அருவியாக விழாமல் வழுக்கிக்கொண்டு சேரும். கரியமில வாயுவின் பெரும்பகுதியைக் காப்பாற்றுவது இந்த ஒரு திருகல்தான். அதனால் குழாய் வாய்களின் உயரத்தையும் அதற்கேற்ப முன்கூட்டியே வைக்க வேண்டும்.

மின்சாரம் போனால் தண்ணீர் எங்கே போகும்

சம்ப் அமைப்பில் எல்லாருக்கும் வருகிற அச்சம் இது. கணக்குப் போட்டால் தீர்ந்துவிடுகிறது. தொட்டியின் பரப்பு 0.9 சதுர மீட்டர் என்பதால் ஒரு செ.மீ. உயரத் தண்ணீர் என்பது 9 லிட்டர். சம்பின் பரப்பில் ஒரு செ.மீ. என்பது 4 லிட்டர். பம்ப் நின்றவுடன், அதிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவரும் ரிட்டர்ன் குழாயின் வாய் காற்றைத் தொடும் வரை தொட்டித் தண்ணீர் பின்னோக்கி இறங்கும். எனவே அந்த வாயை மேற்பரப்புக்கு இரண்டு செ.மீ. கீழே மட்டும் வைக்க வேண்டும். அப்போது இறங்குவது 18 லிட்டர். ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாய்களிலும் இருப்பதற்குப் பன்னிரண்டு லிட்டர் சேர்த்துக்கொண்டால் மொத்தம் 30. சம்பில் மட்டம் ஏழரை செ.மீ. ஏறும். சம்பை 25 செ.மீ. உயரத்தில் ஓட்டினால் மின்வெட்டின்போது முப்பத்து மூன்றைத் தொடாது. சம்பின் உயரம் நாற்பத்தைந்து. ரிட்டர்ன் குழாயில் ஒரே திசையில் மட்டும் தண்ணீரை விடும் செக் வால்வு போட்டுவிட்டேன், அது தடுத்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். ஒரு நத்தையோ இலைத்துண்டோ சிக்கினால் போதும், அது மூடாது.

எதிர்ப்பக்கக் கணக்கையும் போட்டுவிட வேண்டும். இறங்கும் குழாய்கள் மூன்றுமே அடைபட்டு, பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் என்னவாகும்? சம்பில் பம்ப் இருக்கும் ரிட்டர்ன் அறையில் உள்ள தண்ணீர் முழுவதும் மேலே போகும். அந்த அறை 30 செ.மீ. நீளமென்றால், பம்பின் வாய்க்கு மேலே 20 செ.மீ. தண்ணீர் நிற்பதாக வைத்துக்கொண்டால், அது 27 லிட்டர். தொட்டியில் மூன்று செ.மீ. ஏற்றும். ஆகவே ஓடும் மட்டம் தொட்டியின் விளிம்பிலிருந்து ஐந்து செ.மீ. தாழ இருந்தால், அதாவது 45 லிட்டருக்கு இடமிருந்தால், தரையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது. ஆவியாகும் தண்ணீரைத் தானாக நிரப்பும் ஆட்டோ டாப் ஆஃப் வைப்பவர்கள் அதன் வாளியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும், ஏனெனில் ரிட்டர்ன் அறை வற்றுவதைக் கண்டதும் அதுவும் தன் பங்குக்கு ஊற்றத் தொடங்கும். வாளி 15 லிட்டராக இருந்தால் மொத்தம் 42, இடம் போதும். 20 லிட்டராக இருந்தால் வழிந்துவிடும்.

மின் இணைப்புகள் அனைத்தையும் மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாகவே எடுக்க வேண்டும். இதில் எந்தச் சமாதானமும் கூடாது. உப்புகள் கரைந்த தண்ணீரில் கைவிடப் போகிறவர் நீங்களோ உங்கள் குழந்தையோதான். ஒவ்வொரு ஒயரும் பிளக்கை அடையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கி ஏற வேண்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

சம்பின் உள்ளே

மூன்று அறை போதும். தண்ணீர் வந்து சேரும் முதல் அறையில் அழுக்கைப் பிடிக்கும் துணிப்பையான ஃபில்டர் சாக்ஸ் அல்லது பஞ்சு, இரண்டாவதில் கரடு ஸ்பாஞ்சும் செராமிக் வளையங்களும், மூன்றாவதில் பம்ப். இறங்கும் குழாய்களின் முனை தண்ணீருக்குள் இரண்டு மூன்று செ.மீ. மூழ்கியிருக்க வேண்டும், மிக ஆழமாக மூழ்கினால் சிபான் தொடங்கத் திணறும். தடுப்புக் கண்ணாடிகளைத் தாண்டும்போதும் தண்ணீர் விழக் கூடாது என்பதால், அறைக்கு அறை மட்ட வேறுபாடு ஒன்றிரண்டு செ.மீ.க்குள் இருக்கும்படி தடுப்புகளை உயர்த்தி ஒட்டச் சொல்லுங்கள்.

கடல்மீன் தொட்டிக்காரர்கள் பயன்படுத்தும் சொட்டும் தட்டுகளையும், காற்றடித்துச் சுழலவிடும் பிளாஸ்டிக் மீடியாவையும் இங்கே சேர்க்கவே கூடாது. இரண்டும் கரியமில வாயுவை விரட்டும் இயந்திரங்கள். செழித்த செடிகளே அம்மோனியத்தை நேரடியாக உண்டுவிடுவதால் மீடியாவை மலைபோல் குவிக்க வேண்டிய தேவையும் இல்லை.

முதல் இரண்டு அறைகளுக்கும் அக்ரிலிக் மூடி போட்டு, விளிம்பில் ஃபோம் பட்டை ஒட்டி இறுக்கமாக மூடிவிடுங்கள். மூடிய இடத்தில் தேங்கும் காற்றில் கரியமில வாயு சேர்ந்துகொள்வதால் தண்ணீரிலிருந்து மேலும் வெளியேறுவது குறையும். மூன்றாவது அறையை என்ன செய்வது என்பது நீங்கள் கோடையை எப்படிச் சமாளிக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அது கீழே வருகிறது.

பம்ப் மணிக்கு 2,500 லிட்டரை உண்மையில் மேலே சேர்க்க வேண்டும். தாங்கியின் உயரம் 75, தொட்டியின் உயரம் 60 என்று ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ஏற்றவேண்டியிருப்பதால், பெட்டியில் ஐயாயிரம் லிட்டர் என்று அச்சிட்ட டி.சி. பம்பை வாங்கி வேகத்தைக் குறைத்து ஓட்டுவது நல்லது. தொட்டிக்குள் தண்ணீர் எங்கும் தேங்காமலிருக்கச் தண்ணீரைத் தள்ளி ஓடவிடும் சிறிய வேவ் மேக்கர் ஒன்றை எதிர்முனையில் வையுங்கள். சம்ப் வழியாகவே எல்லா ஓட்டத்தையும் உண்டாக்க முயன்றால் வாயு இழப்பும் மின்செலவும் கூடும்.

தண்ணீர்

சென்னையில் ஒரே தெருவில் மூன்று வகைத் தண்ணீர் வரும். மெட்ரோ வாட்டரிலேயே புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் தண்ணீர், வீராணத்திலிருந்து வருவது, மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளில் கடல்நீரைக் குடிநீராக்கியது என்று பகுதிக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். போர் தண்ணீரோ கடினத்தன்மை மிகுந்தது. கடற்கரையோரம் உப்பும் சேர்ந்துகொள்ளும். ஆகவே டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்பாமல், கார்பனேட் கடினத்தையும் பொதுக் கடினத்தையும் சொட்டு மருந்துச் சோதனையில் பார்த்துவிடுங்கள். கார்பனேட் கடினம் 3 முதல் 6 டிகிரி, பொதுக் கடினம் 4 முதல் 8 டிகிரி என்பது பெரும்பாலான செடிகளுக்கு இதமான எல்லை. போர் தண்ணீர் 14 டிகிரி காட்டினால் இரண்டு பங்கு ஆர்.ஓ. தண்ணீருடன் ஒரு பங்கு கலந்தால் ஐந்துக்குள் வந்துவிடும். வீட்டில் வாட்டர் சாஃப்ட்னர் இருந்தால் அதன் தண்ணீரை விடாதீர்கள். அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைச் சேர்ப்பது.

மெட்ரோ தண்ணீரின் குளோரினுக்குச் சோடியம் தயோசல்ஃபேட் போதும். ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு ஏறக்குறைய ஏழு மில்லிகிராம் தேவைப்படும். 250 லிட்டர் மாற்றும்போது இரண்டு கிராம் தாராளம்.

பாதித் தண்ணீர் மாற்றுவது என்றால் பதினான்கு வாளி. யாராலும் அதை ஆண்டுக்கணக்கில் தூக்க இயலாது. எனவே குழாய் வேலை நடக்கும்போதே குளியலறைக்கு ஒரு வடிகால் இணைப்பும், நிரப்புவதற்கு ஒரு குழாயும் வால்வுடன் போட்டுவிடுங்கள். மே மாதத்தில் மாடித் தொட்டியிலிருந்து நேரே வரும் தண்ணீர் நண்பகலில் கையே வைக்க முடியாத சூட்டில் இருக்கும் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். கோடையில் விடியற்காலையில் மட்டுமே தண்ணீர் மாற்ற வேண்டும்.

வெப்பம்

வெளியூர் வழிகாட்டிகள் ஹீட்டரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும். நமக்கு அது வேண்டாம்; அக்னி நட்சத்திரத்தில் தண்ணீர் 33 டிகிரிக்குப் போவதுதான் நம் சிக்கல். 25 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 32 டிகிரியில் 7.3 மட்டுமே. அதே நேரத்தில் மீனின் சுவாசமும் அழுகலும் வேகமெடுக்கின்றன. 28 டிகிரிக்கு மேல் போகவிடாமல் வைப்பதே இலக்கு.

மின்விசிறி எளிய வழி. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,430 கிலோ ஜூல் வெப்பம் தேவை. தொட்டியும் சம்பும் சேர்ந்த 550 லிட்டரை ஒரு டிகிரி குளிர்விக்க 2,300 கிலோ ஜூல். அதாவது ஒரு லிட்டர் ஆவியானால் மொத்தத் தண்ணீரும் ஒரு டிகிரி குளிர்கிறது. அறையின் சூடு மீண்டும் ஏற்றிக்கொண்டே இருப்பதால் நாள் முழுவதும் பல லிட்டர் ஆவியாக வேண்டியிருக்கும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் விசிறி அதிகம் உதவாது. ஆவியான அளவை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டுமே ஈடுசெய்ய வேண்டும், ஏனெனில் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்புகள் தங்கிவிடும். விசிறியைச் சம்பின் மூன்றாவது அறைக்கு மேல் வைத்து, அந்த அறையை மட்டும் திறந்து விடுங்கள். அங்கே தண்ணீர் அமைதியாக நிற்பதால் வாயு இழப்பு தாங்கக்கூடியதே. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியை வாங்க வசதியிருப்பவர்கள் கால் குதிரைத்திறனுக்குக் குறையாமல் வாங்கி, மூன்று அறைகளையும் மூடிவிடலாம். ஆனால் சில்லரின் வெப்பக் காற்றை அலமாரிக்குள்ளேயே விட்டால் அது தன்னையே சூடாக்கிக்கொள்ளும் என்பதால் அதை வெளியே வைக்க வேண்டும்.

கரியமில வாயு

ஐந்து கிலோ சிலிண்டர், ரெகுலேட்டர், மின்சாரத்தால் திறந்து மூடும் சாலினாய்டு வால்வு, வாயுவை நுண்ணளவில் விடும் நல்ல நீடில் வால்வு, குமிழி எண்ணி, செக் வால்வு. மலிவாக வாங்கக் கூடாத பொருள் நீடில் வால்வு ஒன்றுதான். சிலிண்டர் வாங்கும்போது கழுத்தில் பொறித்திருக்கும் அழுத்தச் சோதனைத் தேதியைப் பாருங்கள். கரியமில வாயுவின் மாறுநிலை வெப்பம் 31 டிகிரி. அதற்கு மேல் உள்ளே திரவம் என்று ஒன்று இருக்காது, அழுத்தம் வெப்பத்தோடு விறுவிறுவென ஏறும். நம் கோடை அந்த எல்லையை அன்றாடம் கடப்பதால், சிலிண்டர் வெயில் படாத இடத்தில், நிமிர்ந்த நிலையில், சங்கிலியால் கட்டப்பட்டு நிற்க வேண்டும்.

வாயுவைச் செலுத்தும் இடம் ரிட்டர்ன் அறை. சிறு பம்ப் ஒன்றால் ஓடும் ரியாக்டரில் கரையவிட்டு, அதன் வெளிவாயை ரிட்டர்ன் பம்பின் உள்வாயருகே வைத்தால், கரைந்த வாயு சம்பில் அலையாமல் நேரே தொட்டிக்குப் போகும். சாலினாய்டையும் ரிட்டர்ன் பம்பையும் ஒரே சுவிட்சின் கீழ் கொண்டுவருவது முக்கியம். சுத்தம் செய்வதற்காகப் பம்பை நிறுத்திவிட்டு வாயுவை மறந்துவிட்டால், சம்பில் செறிவாகத் தேங்கிய வாயு பம்ப் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் மீன்களின் மேல் பாயும்.

அளவுக்கு இரு சோதனைகள். 4 டிகிரி கார்பனேட் கரைசலும் புரோமோதைமால் நீலமும் கொண்ட டிராப் செக்கர் என்னும் நிறம் மாறும் சிறு குமிழ் பச்சையாக இருந்தால் தண்ணீரில் கரியமில வாயு லிட்டருக்கு ஏறக்குறைய 30 மில்லிகிராம். ஆனால் அது ஓரிரு மணி நேரம் தாமதித்தே சொல்லும். அதைவிட நம்பகமானது பி.எச். வீழ்ச்சி. ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரை ஒரு நாள் முழுவதும் காற்றடித்து வைத்து பி.எச். பாருங்கள், விளக்கெரியும்போது தொட்டியில் அதைவிட ஒரு முழு எண் குறைவாக இருக்க வேண்டும். விளக்கு எரிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு தொடங்கி, அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிறுத்துங்கள். ஒரே நாளில் அந்த அளவைத் தொட முயலாமல் இரண்டு வாரத்தில் படிப்படியாக ஏற்றி, மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே போங்கள்.

மண், செடி, விளக்கு

சிலிகான் நன்கு காய ஒரு வாரம் விட்டு, வெறும் தண்ணீரில் முழு அமைப்பையும் இரண்டு நாள் ஓட்டிக் கசிவு பார்த்து, பிளக்கைப் பலமுறை பிடுங்கி மட்டங்களைச் சரிபார்த்த பிறகே மண்ணைத் தொட வேண்டும். ஏழு செ.மீ. சராசரி ஆழத்துக்கு செடித் தொட்டிக்கென விற்கும் ஊட்டமுள்ள மண் உருண்டைகளான அக்வா சாயில் 63 லிட்டர், அதாவது ஒன்பது லிட்டர்ப் பைகள் ஏழு. செலவு மிகுதி என்றால் நடுவிலும் முன்னாலும் மட்டும் அதைப் போட்டு, பின்புற மேட்டுக்கு அடியில் வலைப்பைகளில் கட்டிய எரிமலைக்கல்லை அடுக்கலாம். கடினமான தண்ணீர் அக்வா சாயிலின், பி.எச்.ஐத் தாழ்த்தி வைக்கும் தாங்குதிறனைச் சீக்கிரமே தீர்த்துவிடும். ஆர்.ஓ. கலக்க முடியாதவர்கள் நன்கு கழுவிய சிலிகா மணலும் வேர் மாத்திரைகளும் போதும் என்று இருப்பதே நல்லது. கல்லின் மேல் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது.

செடிகளில் வெப்பம் தாங்குபவற்றையே முதலில் தேர்ந்தெடுங்கள். பின்புறத்துக்கு ரொட்டாலா ரொட்டண்டிஃபோலியா, வாலிஸ்னேரியா, நம் நீர்முள்ளியின் பேரினத்தைச் சேர்ந்த ஹைக்ரோஃபிலாக்கள். நடுவில் இலங்கைக்கே உரிய கிரிப்டோகோரைன் வெண்டியை. மரக்கட்டைகளில் அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும். நீர்ப்பிரமியும் மூழ்கி நன்றாக வளரும். தொடக்கத்திலேயே தரையில் மூன்றில் இரண்டு பங்கை நட்டு நிரப்ப வேண்டும். பத்துச் செடி நட்டு அவை பெருகட்டும் என்று காத்திருந்தால் அந்த வெற்றிடத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். பண்ணைகளில் காற்றில் வளர்ந்த செடிகள் தண்ணீருக்குள் வந்ததும் பழைய இலைகளை உதிர்ப்பது இயல்பு. கிரிப்டோகோரைன் கண்ணாடிபோல் உருகி மறைந்தாலும் வேரைப் பிடுங்காதீர்கள், சில வாரங்களில் புதிதாகத் துளிர்க்கும்.

விளக்கு முதல் மாதம் ஆறு மணி நேரம் மட்டும். செடிகள் வேரூன்றிய பிறகு வாரம் அரை மணி வீதம் எட்டு வரை கூட்டலாம்.

முதல் ஆறு வாரங்கள்

புதிய அக்வா சாயில் அம்மோனியாவை வெளிவிடும். முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாதித் தண்ணீர், இரண்டாவது வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாகத் தொடர்ந்து ஒரு வாரம் நிற்கும் வரை மீன் விடக் கூடாது. நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நம் வெப்பத்திலும் கடினத் தண்ணீரின் உயர் பி.எச்.இலும் அம்மோனியாவின் நச்சுத்தன்மை பன்மடங்கு கூடும் என்பதால் இங்கே அவசரம் மீன்களைக் கொன்றுவிடும்.

உரத்துக்கு அக்வேரியம் புட்டிகளை நம்ப வேண்டியதில்லை. சொட்டுநீர்ப் பாசனத்துக்கு உரக்கடைகளில் கிடைக்கும் 13-0-45 என்பது பொட்டாசியம் நைட்ரேட். 0-52-34 என்பது மோனோ பொட்டாசியம் ஃபாஸ்ஃபேட். 550 லிட்டரில் நைட்ரேட்டை 10 பி.பி.எம். (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) உயர்த்த முன்னது 9 கிராம், ஃபாஸ்ஃபேட்டை 1 பி.பி.எம். உயர்த்தப் பின்னது 0.8 கிராம். வாரம் இருமுறை இந்த அளவும், இடைநாட்களில் சீலேட் செய்த இரும்பும் நுண்ணூட்டமும், வார இறுதியில் பாதித் தண்ணீர் மாற்றமும் என்று வைத்துக்கொண்டால் எதுவும் தேங்காது. நுண்ணூட்டத்தையும் ஃபாஸ்ஃபேட்டையும் ஒரே நேரத்தில் போட்டால் இரும்பு படிந்து வீணாகும்.

மீன்களைக் கொளத்தூர்ச் சந்தையில் வாங்கலாம். சிறு மீன்களைப் பெருங்கூட்டமாக விடுவதே இந்த அளவுத் தொட்டிக்கு அழகு. கார்டினல் டெட்ரா நாற்பது ஐம்பது, பாசி தின்னும் ஒட்டோசிங்க்ளஸ் மீன்கள், அமானோ இறால் போதும். இறால் நுழையாதபடி ஓவர்ஃப்ளோ பற்களில் எஃகு வலை வையுங்கள். டேங்க் கிளீனர் என்று விற்கப்படும் சக்கர் மீனை வாங்கவே வாங்காதீர்கள். ஓரடியைத் தாண்டி வளரும் அந்தத் தென் அமெரிக்க மீன் செடிகளைப் பெயர்த்துப் போடும். வளர்க்க முடியாமல் ஏரியில் விட்டவர்களால்தான் அது இன்று நம் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது.

தொடர்ந்த பராமரிப்பு

ஃபில்டர் சாக்ஸை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். நிரம்பிய சாக்ஸின் மேல் வழியும் தண்ணீர் சளசளக்கத் தொடங்கும், கூடவே டிராப் செக்கர் நீலமாகும். வாயு குறைந்துவிட்டது என்று வால்வைத் திறப்பதற்கு முன் சாக்ஸைப் பாருங்கள். சிபான் குழாயின் உள்ளே வழுவழுப்பு படியப் படிய ஓட்டம் குறைந்து இரண்டாவது குழாயில் சத்தம் வரும். கேட் வால்வை ஒரு மயிரிழை திறந்தால் அடங்கும். மாதத்துக்கு ஒருமுறை அதை முழுவதும் திறந்து அடைப்பை வெளியேற்றிவிட்டு மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

சம்பின் கண்ணாடியில் அழியாத மையால் இரண்டு கோடுகள் போட்டு வையுங்கள்: ஒன்று ஓடும்போது நிற்கும் மட்டம், மற்றொன்று பம்ப் நின்றபோது ஏறும் மட்டம். மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்துங்கள். தண்ணீர் மேல்கோட்டைத் தாண்டினால், ரிட்டர்ன் வாய் இடம் மாறித் தாழ்ந்திருக்கிறது அல்லது சம்பில் யாரோ கூடுதலாக ஊற்றியிருக்கிறார்கள். மீண்டும் மின்சாரம் கொடுத்ததும் மூன்று நிமிடத்துக்குள் சிபான் காற்றைத் தள்ளிவிட்டு அமைதியாக வேண்டும். ஆகாவிட்டால் குழாயின் முனை சம்புத் தண்ணீரில் எவ்வளவு ஆழம் மூழ்கியிருக்கிறது என்று அளந்து, அதை ஒரு செ.மீ. அறுத்துக் குறையுங்கள்.